இருட்டில் கேமராவுக்கு என்ன தெரியும்?

வாசலில் கேமரா மாட்டிய முதல் நாள் இரவு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். படுத்துக்கொண்டே கைப்பேசியில் வாசலைப் பார்த்தேன். கேட், படிக்கட்டு, பூந்தொட்டி, நிறுத்தியிருந்த வண்டி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. விளக்கே எரியாத இடத்தில் இப்படி ஒரு படமா என்று திருப்தியாகத் தூங்கிவிட்டேன். சில வாரம் கழித்து, நள்ளிரவில் யாரோ கேட்டைத் திறந்து உள்ளே வந்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிவை ஓட்டிப் பார்த்தேன். ஆள் வருவது தெரிந்தது, போவதும் தெரிந்தது. முகத்தைப் பார்க்கலாம் என்று படத்தை நிறுத்தினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். பக்கத்திலிருந்த பூந்தொட்டி மட்டும் அப்போதும் இலை இலையாகத் தெரிந்தது.

அந்தப் பூந்தொட்டியிடம்தான் நான் ஏமாந்திருக்கிறேன். அசையாத பொருளை இருட்டில் படம் பிடிப்பது இன்றைய கேமராக்களுக்குப் பெரிய வேலை இல்லை. நடந்து போகிற ஆளைப் பிடிப்பதுதான் வேலை. படம் வெளிச்சமாக இருப்பது ஒன்று, தெளிவாக இருப்பது வேறு. சில நேரம் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரியாகவே நிற்கும். அது எப்படி என்று புரிந்துகொண்டால், எந்தக் கேமரா, எங்கே மாட்டுவது, எந்த செட்டிங்கை மாற்றுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

வெளிச்சப் பஞ்சம்

ஒரு பரப்பின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். விளக்குப் போட்ட அறையில் 100 முதல் 300 வரை. தெருவிளக்கின் கீழே சுமார் 10. பௌர்ணமி நிலவில் கால் லக்ஸ்தான். நிலவும் இல்லாமல் நட்சத்திரம் மட்டும் இருந்தால் 0.001 என்ற அளவுக்குப் போய்விடும். அதாவது, நண்பகலுக்கும் பௌர்ணமி இரவுக்கும் நடுவில் நான்கு லட்சம் மடங்கு வித்தியாசம். நம் கண் இதைச் சமாளிக்க இருட்டில் இருபது முப்பது நிமிடம் பழக வேண்டும். கேமராவோ பொழுது சாய்ந்தவுடன் சமாளித்தாக வேண்டும்.

அதற்குக் கேமராவிடம் இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். லென்ஸின் துளை பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் வீட்டுக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் துளையின் அளவு மாறாது, வாங்கும்போது என்னவோ அதுதான். மிச்சம் இரண்டு வழி: ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது, கிடைத்த சிக்னலை மின்னணு முறையில் பெருக்குவது. இரண்டையும் கேமரா நம்மைக் கேட்காமலே செய்துகொள்ளும். இரண்டுக்கும் விலை உண்டு.

முதலில் ஷட்டர். சாதாரணமாக நடக்கிற ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வையுங்கள். நொடிக்கு 1.4 மீட்டர். ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் அவர் நகர்வது 1.4 சென்டிமீட்டர். இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றால் 5.6 சென்டிமீட்டர். வெளிச்சம் போதவில்லை என்று கேமரா ஷட்டரை ஆறில் ஒரு பங்கு வரை இழுத்தால் 23 சென்டிமீட்டர். மனித முகத்தின் அகலமே 15 சென்டிமீட்டர் அளவுதான். முகம் தன் அகலத்தைவிட அதிகமாக நகர்ந்த பிறகு அந்த ஒரு படம் முடிகிறது. அப்புறம் அதில் கண் எங்கே, மூக்கு எங்கே?

நேரலையில் பார்க்கும்போது இது தெரியாது. ஓடுகிற படத்தில் நம் மூளை முன்னும் பின்னும் சேர்த்து ஆளை உருவாக்கிக்கொள்ளும். நிறுத்தினால்தான் சாயம் வெளுக்கும்.

அடுத்தது சிக்னலைப் பெருக்குவது. செட்டிங்ஸில் இதற்குக் கெயின் என்று பெயர் இருக்கும். தொலைவிலுள்ள வானொலி நிலையத்தைப் பிடித்துச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுமே, அதே கதைதான். படத்தில் அந்த இரைச்சல் எறும்பு ஊர்வதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைத் துடைக்கக் கேமராவுக்குள் ஒரு மென்பொருள் உண்டு. மெனுவில் டி.என்.ஆர். என்றோ 3டி என்.ஆர். என்றோ எழுதியிருப்பார்கள். அடுத்தடுத்து வரும் படங்களை ஒப்பிட்டு, எது மாறாமல் இருக்கிறதோ அதுதான் நிஜம், எது ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுகிறதோ அது இரைச்சல் என்று அது முடிவு செய்கிறது. பூந்தொட்டி மாறுவதில்லை, அதனால் அது துல்லியமாக வந்துவிடும். நடந்து போகும் ஆள் படத்துக்குப் படம் மாறுகிறார். மென்பொருளின் கணக்கில் அவரும் பாதி இரைச்சல்தான். ஆகவே அவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, பின்னால் ஒரு வாலை மட்டும் விட்டுவைக்கிறது. என் பதிவில் வந்த தீற்றலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதோடும் முடியவில்லை. எச்.264, எச்.265 என்று சொல்லப்படும் சுருக்கும் முறைகள், முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. இரைச்சல் நிறைந்த இரவுப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒதுக்கிய பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்தை எழுத அனுமதிக்கும் தரவின் அளவு, குறைவாக இருந்தால், அது முழுவதும் இரைச்சலைப் பதிவதிலேயே செலவாகி, ஆளின் விவரம் கட்டம் கட்டமாக மழுங்கிவிடும். பகலில் போதுமான பிட்ரேட் இரவில் போதாமல் போவது இதனால்தான்.

பெட்டியின்மேல் 0.001 லக்ஸிலும் படம் தெரியும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்து, கெயினை எவ்வளவு ஏற்றி அந்த எண்ணை எடுத்தார்கள் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தம் கிடையாது. பூந்தொட்டி தெரிந்தாலும் படம் தெரிந்ததாகத்தானே கணக்கு.

மெகாபிக்சல் மோகம்

கேமரா வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். பகலுக்கு அது நல்ல கேள்வி. இரவுக்கு அதைவிட முக்கியம், அத்தனை பிக்சலும் எவ்வளவு பெரிய சென்சாரில், அதாவது ஒளியை உணரும் சில்லில், உட்கார்ந்திருக்கின்றன என்பது. வீட்டுக் கேமராக்களில் அதிகம் புழங்குவது 1/2.8 அங்குல சென்சார். அதில் 2 மெகாபிக்சல் இருந்தால் ஒரு பிக்சலின் பக்கம் சுமார் 2.9 மைக்ரான். அதே அளவில் 8 மெகாபிக்சல், அதாவது 4கே, திணித்தால் பக்கம் 1.45 மைக்ரானாகச் சுருங்கும். பரப்பில் கால் பங்கு. உள்ளே வரும் மொத்த வெளிச்சம் அதேதான், அதை நான்கு மடங்கு பேருக்குப் பங்கு போடுகிறோம். பகலில் எல்லோருக்கும் வயிறு நிறையும். இரவில் ஆளுக்கு ஒரு துளி கூட வராது.

4கே கேமரா வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் சென்சாரும் அதற்கேற்ப வளர்ந்திருக்க வேண்டும். 1/1.8 அங்குல சென்சாரின் பரப்பு 1/2.8ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு. பின்னத்தில் கீழே உள்ள எண் சிறுத்தால் சென்சார் பெரிது என்பதை நினைவில் வையுங்கள். லென்ஸின் எஃப் எண்ணும் இப்படித்தான், எண் சிறுத்தால் துளை பெரிது. எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். எஃப் 1.6 உடன் ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு. இந்த இரண்டு எண்களையும் பெட்டியின் முன்பக்கத்தில் போட மாட்டார்கள். விவரத்தாளின் நடுவில் தேட வேண்டும்.

இன்னொரு தவறு நான் செய்தது: எல்லாம் தெரியட்டும் என்று ஆக அகலமான லென்ஸை எடுத்தது. எல்லாம் தெரிந்தது, ஆனால் எல்லாமே பொடிப்பொடியாக. கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 62676-4, அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. ஏதோ ஓர் ஆள் இருக்கிறார் என்று அறிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். 90 பாகை அகலம் பார்க்கும் 1080பி கேமராவில் படத்தின் அகலம் 1920 பிக்சல். 250ஆல் வகுத்தால் 7.68 மீட்டர் அகலக் காட்சி. அந்த அகலம் வருவது கேமராவிலிருந்து 3.8 மீட்டர் தூரத்தில். அதற்கு அப்பால் நிற்பவரின் முகம், நல்ல பகலிலேயே, அடையாளம் காட்டும் தரத்தில் கிடைக்காது. அதே கேமராவில் 50 பாகை மட்டும் பார்க்கும் குறுகிய லென்ஸ் இருந்தால் அந்த எல்லை 8 மீட்டர் வரை நீளும். ஆகவே முற்றம் முழுவதையும் பார்க்க அகலமான ஒன்று, கேட்டை மட்டும் உற்றுப் பார்க்கக் குறுகலான ஒன்று என்று இரண்டு சுமாரான கேமராக்கள், ஒரே ஒரு விலை உயர்ந்த கேமராவைவிட உருப்படியான வேலை செய்யும். இது என் கட்சி.

கண்ணுக்குத் தெரியாத விளக்கு

நைட் விஷன் என்றதும் கேமரா இருட்டையே ஊடுருவிப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு மாயமும் இல்லை. லென்ஸைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன எல்.இ.டி.கள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அது பட்டுத் திரும்புவதைக் கேமரா பார்க்கிறது. நமக்கு மட்டும் தெரியாத டார்ச் விளக்கு, அவ்வளவுதான்.

இந்த ஒளியை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்துகொண்டிருந்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் அதிகமாக ஏறியது. நம் கண் ஏறக்குறைய 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு நின்றுவிடுகிறது. கேமராவின் சிலிக்கான் சென்சார் 1100 வரை உணரும். பகலில் இந்த அதிகப்படியான பார்வை ஒரு தொல்லை, நிறங்கள் கெட்டுப்போகும். அதனால் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. இருட்டியதும் ஒரு சின்ன இயங்குமுறை அதை நகர்த்திவிடும். அமைதியான மாலையில் கேமராவிலிருந்து டக் என்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான். அந்தத் தகடு பாதியில் சிக்கிக்கொண்டால் பகலில் படம் முழுக்க இளஞ்சிவப்பாகவோ, இரவில் கும்மிருட்டாகவோ வரும். பழைய கேமராக்களில் இது சகஜம்.

இரவுப் படம் ஏன் கறுப்பு வெள்ளை என்பதற்கும் விடை இங்கேதான். நிறத்தை அறிய ஒவ்வொரு பிக்சலுக்கு முன்னாலும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் உண்டு. அகச்சிவப்பு இந்த மூன்றையுமே ஏறக்குறைய ஒரே மாதிரி கடந்துவிடும். எது எந்த நிறம் என்று சொல்ல வழியில்லாமல் போவதால் கேமரா நிறத்தையே கைவிட்டுவிடுகிறது. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பல துணிச் சாயங்கள் நம் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். கருஞ்சட்டை போட்டவர் படத்தில் வெள்ளைச் சட்டையோடு நடப்பார். மரத்தின் இலைகள் பனி பெய்ததுபோல் வெளுத்திருக்கும். ஆகவே இரவுப் பதிவைப் பார்த்து யாரிடமாவது புகார் சொல்ல நேர்ந்தால், சட்டை நிறத்தை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லாதீர்கள்.

அகச்சிவப்பு எல்.இ.டி.களில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. 850 நானோமீட்டர் வகை நேராகப் பார்த்தால் மங்கலாக, கங்கு கனல்வதுபோல் சிவப்பாகத் தெரியும். 940 வகை கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சென்சாருக்கும் அது மந்தமாகத்தான் தெரியும், எட்டும் தூரம் கணிசமாகக் குறையும். கேமரா இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்ற கட்டாயம் இல்லாவிட்டால் 850 போதும். அந்தச் சிவப்புப் புள்ளிகள் தெரிவதே வருகிறவருக்கு ஓர் எச்சரிக்கை.

30 மீட்டர் வரை நைட் விஷன் என்ற வாக்குறுதியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் ஒளி கால் பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த மிச்சமும் பட்டுத் திரும்பி வர வேண்டும். 10 மீட்டரில் நல்ல முகம் கிடைத்தால், 30 மீட்டரில் கிடைப்பது ஏதோ ஒன்று அசைகிறது என்ற தகவல் மட்டுமே. இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. ஆள் ஒரு மீட்டர் கிட்டே வந்தால் ஒளி பொங்கி வழிந்து, முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். ஆள் கிட்டே வரவர விளக்கைத் தானாகத் தணித்துக்கொள்ளும் வசதி பல கேமராக்களில் உண்டு. மெனுவில் ஸ்மார்ட் ஐ.ஆர். என்று இருக்கும். அது அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

ஆனால் நான் பார்த்தவரை, வீட்டு இரவுப் படங்களைக் கெடுப்பதில் பெரும்பங்கு கேமராவுக்குச் சொந்தமான இந்த விளக்குக்குத்தான். லென்ஸை ஒட்டியே விளக்கு இருப்பதால், கண்ணெதிரே எது வந்தாலும் அது முதலில் ஒளிர்ந்துவிடும். சிலந்தி நூல் ஒன்று குறுக்கே போனால் திரையில் வெள்ளைக் கயிறு. மழைத்துளிகள் அம்பு அம்பாகப் பாயும். பனிமூட்டம் வந்தால் வெள்ளைத் திரை. கேமராவை மாட்டிய சுவரோ, கூரையின் விளிம்போ காட்சியின் ஓரத்தில் கொஞ்சம் விழுந்தாலும் போதும், அந்தச் சுவர் கொழுந்துவிட்டு எரிவதுபோல் வெளுக்கும். வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நடுவில் நிற்கும் ஆள் நிழலாகிவிடுவார். கேமராவை ஓர் அங்குலம் முன்னால் தள்ளியோ, கோணத்தைச் சற்றுத் திருப்பியோ மாட்டினால் தீர்கிற பிரச்சினைக்காகக் கேமராவையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்க வைப்பவர்களுக்கும் இதே கதி. இரவானதும் கண்ணாடியில் பட்ட தன் ஒளியையே அது பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே அகச்சிவப்பை அணைத்துவிட்டு வெளியே ஒரு விளக்குப் போடுவதுதான் வழி.

இதற்கு நல்ல வைத்தியம், கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, தனியாக ஓர் அகச்சிவப்பு விளக்கை வாங்கி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மாட்டுவது. லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் தூசியும் பூச்சியும் அப்போது ஒளிராது. விளக்கின் பரவும் கோணம் லென்ஸின் கோணத்தோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மட்டும் ஒரு வெள்ளை வட்டம் விழும்.

சாதாரண விளக்கு

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எளிய உண்மை. வாசலில் விடிய விடிய எரியும் ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கு செய்கிற உதவியை எந்த செட்டிங்கும் செய்யாது. வெளிச்சம் இருந்தால் ஷட்டர் வேகமாக ஓடும், கெயின் ஏற வேண்டாம், துடைக்க வேண்டிய இரைச்சலும் இருக்காது. நிறமும் கிடைக்கும். வண்ண இரவுப் படம் என்று விற்கப்படும் கேமராக்களின் ரகசியமும் பெரிதில்லை. பெரிய துளை லென்ஸ், அதோடு உடம்பிலேயே ஒரு வெள்ளை விளக்கு.

விளக்கை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விளக்கு காட்சிக்குள் தெரியக் கூடாது. ஆளுக்குப் பின்னால் இருக்கவே கூடாது. கேமராவுக்கு மேலேயோ பக்கவாட்டிலோ இருந்து, வருகிறவரின் முகத்தில் விழ வேண்டும். பின்னால் விளக்கு இருந்தால் டபிள்யூ.டி.ஆர். போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். நீண்ட, குறுகிய ஷட்டர் நேரங்களில் எடுத்த படங்களை ஒட்டுகிற உத்தி அது. பகலில் அருமை. இரவில் ஆள் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒட்டிய இடத்தில் பேய் உருவம் வரும், இரைச்சலும் கூடும். ஒரு முறை அணைத்துப் பாருங்கள்.

ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு சிக்கனம்தான். ஆனால் விளக்கு பட்டென எரிந்ததும் கேமரா கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும், தகடு நகரும், ஓரிரு நொடி படம் வெளுத்துப்போகும். வந்தவர் கேமராவை நேராகப் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த ஓரிரு நொடியில்தான்! மங்கலாக எப்போதும் எரிகிற விளக்கு எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் சாயல் விளக்குக்குப் பூச்சிகள் குறைவாக வரும். வெளிச்சம் பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் அடிக்காமல் கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். கேமராவையும்தான்.

செட்டிங்ஸில் கை வைக்கும்போது

முதல் வேலை, ஷட்டர் தன் இஷ்டத்துக்கு நீள்வதைத் தடுப்பது. தானியங்கியாக இருப்பதை விட்டு, ஐம்பதில் ஒரு பங்கு அல்லது அறுபதில் ஒரு பங்கு நொடிக்கு மேல் திறக்காதே என்று எல்லை போடுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/60 அல்லது 1/120. இப்படி வைத்தால் மின்விளக்கின் படபடப்பு படத்தில் கோடு கோடாக ஓடாது. எல்லை போட்டதும் படம் இருண்டுவிடும், பயப்பட வேண்டாம். அது இருட்டாகத் தெரிவதுதான் உண்மை நிலவரம். அதற்கு மருந்து வெளிச்சத்தைக் கூட்டுவதே, ஷட்டரை மறுபடி நீட்டுவதில்லை.

கெயினுக்கும் ஓர் உச்சவரம்பு போடலாம். இரைச்சல் துடைப்பை முழுக்க ஏற்றாமல் நடுவில் வையுங்கள். கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், புள்ளிகளுக்கு நடுவே முகத்தைப் படித்துவிடலாம், துடைத்துவிட்ட முகத்தை யாராலும் மீட்க முடியாது. பிட்ரேட்டைப் பதிவுக்கருவியின் கொள்ளளவு தாங்கும்வரை கூட்டுங்கள். பேட்டரியில் ஓடும் கம்பியில்லாக் கேமராக்கள் சிலவற்றில் இந்த மெனுக்களே இருக்காது. அவை ஆளின் உடல்சூட்டை உணர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். விழிப்பதற்குள் ஆள் பாதி வாசலைக் கடந்திருப்பார். அவற்றுக்கு விளக்கு ஒன்றே கதி.

வண்டியின் எண் பலகை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளி வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பூச்சு பல நாடுகளின் பலகைகளில் இருப்பதால், அகச்சிவப்பில் அது வெறும் வெள்ளைச் சட்டமாகிவிடும். முகப்பு விளக்கு வேறு கண்ணைக் குத்தும். எழுத்து தெரிய ஷட்டர் 1/500 அல்லது அதைவிட வேகமாக ஓட வேண்டும். அப்போது பலகையைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. முகமும் பலகையும் ஒரே கேமராவில் இரவில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், ஓடும் வண்டியோடு அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைக்கு எட்டக் கூடாது என்று நான்கைந்து மீட்டர் உயரத்தில் மாட்டினால் தொப்பிகளும் உச்சந்தலைகளும்தான் சேகரிப்பில் சேரும். இரண்டரை முதல் மூன்று மீட்டர் போதுமானது.

இருட்டினால் செத்துப்போகும் கேமரா

பகல் முழுக்க நன்றாக ஓடும், அந்தி சாய்ந்ததும் படம் ஆடும், அணையும், மறுபடி எழும், மறுபடி அணையும். கேமரா பழுது என்று கழற்றி எடுத்துப்போய்ச் சோதித்தால் மேசையில் சமர்த்தாக வேலை செய்யும். பல நேரங்களில் குற்றவாளி கம்பி. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. மெலிந்த, நீளமான கம்பியில் மின்னோட்டம் கூடக்கூட மின்னழுத்தம் இறங்கும். அடாப்டரில் புறப்படும் 12 வோல்ட், கேமராவை அடையும்போது குறைந்து நிற்கும். கேமரா மயங்கி விழும். விழுந்ததும் விளக்கு அணையும், மின்னழுத்தம் ஏறும், கேமரா எழும், விளக்கு எரியும், மறுபடி விழும். தடித்த கம்பி, அடாப்டரைக் கேமராவுக்கு அருகே கொண்டு வருவது, அல்லது நெட்வொர்க் கம்பியிலேயே 48 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. முறை, இதில் எதுவானாலும் தீர்ந்துவிடும்.

நடந்து பாருங்கள்

எல்லாம் சரி செய்த பிறகு சோதனை. நேரலையைப் பார்த்துத் திருப்தி அடைந்து தூங்கிவிடாதீர்கள், நான் தூங்கிய மாதிரி. நள்ளிரவில், தெருவின் வெளிச்சங்கள் அடங்கிய பிறகு, வீட்டில் ஒருவரைச் சாதாரண வேகத்தில் கேட்டிலிருந்து கதவு வரை நடக்கச் சொல்லுங்கள். ஒரு முறை தொப்பியோடு, ஒரு முறை வேகமாக. பிறகு பதிவை எடுத்து, நாலைந்து இடங்களில் நிறுத்துங்கள். நிறுத்திய படத்தை நீங்கள் மதிப்பிடாதீர்கள். நம் வீட்டு ஆளின் நடையே நமக்குப் பாடம், தீற்றலாக இருந்தாலும் யாரென்று தெரிந்துவிடும். யார் நடந்தது என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இது ஆணா பெண்ணா, கண்ணாடி போட்டிருக்கிறாரா, தாடி இருக்கிறதா என்று கேளுங்கள். என் வீட்டில் முதல் முறை செய்தபோது, என் அண்ணனைப் பார்த்து நண்பர் ஒருவர் யாரோ பாட்டி என்றார். ஷட்டருக்கு எல்லை போட்டு, வாசலில் ஒரு மஞ்சள் விளக்கை மாட்டிய பிறகு மீசை தெரிந்தது.

அதன் பின் மிச்சம் இருப்பது துடைக்கும் வேலை மட்டும். லென்ஸின் முகப்புக் கண்ணாடியில் படிகிற தூசியும் கைரேகையும் பகலில் தெரியாது, இரவில் படம் முழுக்கப் புகைபோல் பரவும். மாதம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைக்கலாம். சிலந்திக்கு மட்டும் மாதக் கணக்கு ஒத்துவராது. விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி அது வரும். இன்று காலை கலைத்தேன். இதை எழுதி முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால், பூந்தொட்டிக்கும் கேட்டுக்கும் நடுவே புதிதாக ஒரு வெள்ளைக் கயிறு ஆடிக்கொண்டிருக்கிறது.